படத்தின் இடது ஓரத்தில் நிற்பவன்

என் தம்பி ஹைனிக்கு இந்த வருடம் அறுபத்திரண்டு முடிகிறது. அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் எங்கள் லோம்வோய்த் தீவுக்கு வரக்கூடாது. டென்மார்க்கில் யாராவது பழைய சினிமாக்காரரைப் பிடித்துக் கேட்க வேண்டும். 'தங்கமான மனிதர், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்' என்பார்கள். உண்மைதான். முகம் சுளித்தால் அழகு கெட்டுவிடும் என்று சின்ன வயதிலேயே எவளோ அவனிடம் சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

அவன் மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். ஆட்டுக்கு மயிர் வெட்டும் நாளில் நாங்கள் எல்லோரும் சாணியும் பிசுக்குமாக மலையில் உருண்டுகொண்டிருக்கும்போது இவன் பட்டிச் சுவரில் சாய்ந்து தலை வாருவான். 'ஹைனி, இந்தக் கடாவைப் பிடிடா' என்றால், பிடிக்க இரண்டு பேர் வருகிறார்களா என்று சுற்றிப் பார்ப்பான். அவன் வேலை செய்து யாரும் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. யாராவது பார்க்கும்போதுதான் வேலையே செய்வான்.

கல்யாணமும் செய்துகொண்டான். வடக்குத் தீவிலிருந்து ரக்னா என்று ஒரு நல்ல பெண். எட்டு மாதம் இருந்து பார்த்தாள். ஒன்பதாம் மாதம் பெட்டியோடு துறைக்கு வந்தாள். படகில் ஏறுவதற்கும் யாராவது குரல் கொடுக்க வேண்டுமே, இவனே நின்று குரல் கொடுத்தான். அவள் குதித்தாள், போய்விட்டாள். கட்டிய மனைவியைத் தன் வாயாலேயே அனுப்பிவைத்த ஆள் இவன் ஒருவன்தான்.

இந்தக் குரல் கொடுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

எங்கள் தீவில் படகுத்துறை கிடையாது. ஒரு பாறை, அதில் வெட்டிய நாலு படி, ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். தபால் படகு பாறையை ஒட்டி வரும், ஆனால் நிற்காது. அலையோடு ஏறும், அலையோடு இறங்கும். உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில் படகிலிருப்பவர் படிக்குத் தாவ வேண்டும். பிந்தினால் படகு கீழே போகும், ஆளும் கீழே போவார். அடுத்த அலை படகைத் தூக்கிக்கொண்டுவந்து பாறையில் அடிக்கும். நடுவில் யார் மாட்டியிருக்கிறார் என்று அது பார்ப்பதில்லை.

தாவுகிறவருக்குக் கடல் முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை, முன்னால் கிடக்கும் குட்டைப் பாறை மறைத்துவிடும். படிகளுக்கு மேலே ஒரு திட்டு இருக்கிறது. அதில் நிற்பவனுக்கு மட்டும்தான் வரிசையாக வரும் அலைகள் தெரியும். அவன் கெட்டதையெல்லாம் கழித்து, நல்ல அலை படகுக்கு அடியில் புகும்போது 'நூ' என்று கத்துவான். 'இப்போ' என்று அர்த்தம். படகு பாறையை ஒட்டியபிறகு அந்த ஆளைக்கூடப் பார்க்க முடியாது, மேலேயிருந்து குரல் மட்டும் வரும். குரல் வந்தால் தாவ வேண்டும், யோசிக்கக்கூடாது. யோசித்த இரண்டு பேர் எங்கள் கோயில் கல்லறையில் இருக்கிறார்கள்.

அதனால் லோம்வோயில் அந்தச் சொல்லை வேறு எதற்கும் யாரும் வாயில் எடுப்பதில்லை. மற்ற தீவுகளில் நாளைக்கு நூறு முறை 'நூ' என்பார்கள். இங்கே 'இதோ சாப்பிடலாம்' என்போம், 'இந்த நிமிஷம் வரேன்' என்போம், அந்தச் சொல் மட்டும் வராது. வெளியிலிருந்து வாழ வருகிற மருமகள்களுக்கு அதை நாக்கிலிருந்து உதிர்க்க ஒரு வருடம் பிடிக்கும். பிள்ளைகளை மூன்று வயதிலேயே கல்சுவரில் ஏற்றி 'நூ' சொல்லித் தாவப் பழக்கிவிடுவோம். எனக்கு இன்றைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் முட்டிதான் மடங்கும், மூளை பிறகு வரும்.

திட்டில் நிற்கும் உரிமை எங்கள் வீட்டுடையது. அப்பா நாற்பத்தொரு வருடம் கூப்பிட்டார், ஒரு ஆளும் அடிபடவில்லை. அவருக்குப் பிறகு ஹைனி. நான் மூத்தவள், எனக்கும் அலை தெரியும், ஆனால் பெண்குரல் காற்றில் கிழிந்துபோகும் என்று ஊரில் ஒரு பேச்சு. சமையலறையிலிருந்து நான் அவனைக் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டு நாய் எழுந்து வரும், அது வேறு விஷயம்.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அலை அவனுக்குத் தெரியும். தலையில் சீப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் கண் தப்பாது. ஒன்பது வருடம் கூப்பிட்டான், ஒன்பது வருடமும் சரியாகக் கூப்பிட்டான். அது தெரியாதவனாக இருந்திருந்தால் நான் இன்றைக்கு அவனை மதித்திருப்பேன்.

அவனுக்கு முப்பத்தொன்று ஆன வருடம் ஜூன் மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பதினான்கு பேர், இரண்டு மின்சார எஞ்சின், பெட்டி பெட்டியாகச் சாமான். டைரக்டரின் பெயர் தோர்பென். கோப்பன்ஹேகன்காரர், ஒல்லி, கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. உலகத்திலிருந்து அறுந்து கிடக்கும் ஒரு தீவு, அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, அந்த ஊருக்கு வாழ வரும் ஒரு மணப்பெண் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாகிறாள், இதுதான் அவருடைய கதை. எங்கள் தீவில் யாரும் பேசுவதில்லையாம்! இங்கே ஒரு பெண் பைத்தியமாவதென்றால் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆவாள்.

வந்த முதல் நாளே எங்கள் தீவை எங்களிடமிருந்து ஒளித்துவைக்கத் தொடங்கினார்கள். தகரக் கூரைகளின்மேல் மண்ணோடு வெட்டிய புல்பத்தைகளைப் போட்டு மூடினார்கள். வானொலிக் கம்பிகள் இறங்கின. எதிர்வீட்டு சுனுவாவின் சிவப்பு பிளாஸ்டிக் வாளி தோர்பெனின் கண்ணை உறுத்தியதாம், அதை எடுத்துப் போய்ப் பூட்டிவைத்துக்கொண்டார்கள். அவள் மூன்று வாரம் பாத்திரத்தில் தண்ணீர் தூக்கினாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் பாட்டன்மாரே தூக்கிப் போட்ட தோல்செருப்பை மாட்டிவிட்டார்கள். அதோடு, யாரும் சிரிக்கக்கூடாது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆந்த்ரியாஸை ஒருநாள் கடற்கரையில் நிறுத்தினார் தோர்பென்.

"கடலைப் பாத்து சோகமா நில்லுங்க பெரியவரே."

"எதுக்குச் சோகம்? இன்னிக்குக் கடல் நல்லாத்தானே கெடக்கு?"

"உங்க வாழ்க்கையில எவ்வளவோ இழந்திருப்பீங்க. அதை நெனச்சுக்குங்க."

"இழந்ததுன்னா... சுனுவாவோட வாளிதான். அதையும் நீங்கதான் வச்சிருக்கீங்க."

அந்தக் காட்சியை அவர்கள் எடுக்கவில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஹைனி அவர்களுடைய செல்லப்பிள்ளையாகிவிட்டான். விடிந்தால் அவர்களுடைய கூடாரத்தில், பொழுது சாய்ந்தால் அவர்களுடைய கூடாரத்தில். காற்றில் காயவைத்த ஆட்டுக்கறியை எங்கள் கிடங்கிலிருந்து சீவிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மணப்பெண்ணாக நடிக்க வந்தவள் அந்த வாசனைக்கு வாந்தி எடுத்தாள். தோர்பென் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மென்றார், 'ஆயிரம் வருடம் தெரிகிறது' என்றாராம். அது போன அக்டோபரில் அடித்த ஆடு.

'நூ'வைப் பற்றிச் சொன்னதும் ஹைனிதான். தோர்பெனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. டேனிஷ் மொழியிலும் அந்தச் சொல்தான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறும். அன்றிலிருந்து காட்சி தொடங்குவதற்கு அவர் வேறு சொல்லே சொல்வதில்லை. முதல் தடவை சந்தில் நின்று ஒலிபெருக்கியில் 'நூ!' என்றார். சுவர்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஆந்த்ரியாஸ் கோப்பையோடு கீழே குதித்தார். ஏணியில் நின்று கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்த சுனுவா மூன்றாம் படியிலிருந்து தார்ச்சட்டியோடு குதித்தாள். தோர்பென் கைதட்டிச் சிரித்தார். பக்கத்தில் என் தம்பியும் சிரித்தான்.

நான் அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

"டேய், அந்தாள்கிட்ட சொல்லு. அது வெளயாட்டுச் சொல் இல்லேன்னு சொல்லு."

"விடுக்கா. பெரிய மனுஷன், ஆசைப்படறாரு."

"ஆசைப்பட்டா வேற எதையாவது கத்தட்டும். அந்தச் சொல் அப்பாவோடது."

"அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப அது என்னோடது. நான்தான் குடுத்தேன்."

வீட்டுக்குள் இருந்த ஒரே சொத்தை முன்பின் தெரியாதவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போனான்.

இத்தனை கொடுத்தவனுக்கு அவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? படத்தில் திட்டில் நின்று கூப்பிடுகிற ஆளாக இவனைப் போடவில்லை. 'நீங்க ரொம்பச் சுத்தமா இருக்கீங்க, தீவுக்காரர் மாதிரியே இல்லை' என்றார் தோர்பென். கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு நடிகரை வரவழைத்து, தாடியைப் பசை போட்டு ஒட்டி, எங்கள் அப்பா நின்ற இடத்தில் நிறுத்தினார்கள். ஹைனி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் தோர்பென் தோளில் கைபோட்டு, 'இடது ஓரத்தில் ஊர்க்காரராக நீங்கள் நில்லுங்கள்' என்றதும் வயிறு நிறைந்துவிட்டது.

படத்தின் பெரிய காட்சி, மணப்பெண் தீவில் கால் வைப்பது. நடிகை பாறையை ஒருதரம் பார்த்தாள், தாவமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒருத்திதான் அந்தக் கூட்டத்தில் புத்தியுள்ளவள். அவளுக்குப் பதிலாக யாராவது தாவ வேண்டும், உயரமும் உடம்பும் எனக்குத்தான் பொருந்தியது. ஹைனி என்னிடம் வந்து கெஞ்சினான். எனக்கு ஆசையே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முப்பத்தைந்து வயதில் யாரும் எனக்கு அப்படி ஒரு பச்சைப் பாவாடை தந்ததில்லை. அந்தப் பாறையில் ஆயிரம் தடவை தாவியிருப்பேன். ஆனாலும் கேட்டேன்.

"கூப்பிடறது யாரு?"

"நடிகர்தான் கத்துவாரு. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன். நான் கட்டைவெரலைத் தூக்கினாத்தான் அவர் வாயைத் தெறக்கணும், பேசி வச்சிருக்கேன். வாய் அவரோடது, கண்ணு என்னோடதுக்கா."

"சத்தியமா?"

"அப்பா மேல சத்தியமா."

அந்த வார்த்தையை நம்பித்தான் படகில் ஏறினேன். துடுப்புப் போட வந்த ஆந்த்ரியாஸும் மற்ற மூன்று பேரும் அதை நம்பித்தான் வந்தார்கள்.

கேமராவையும் தோர்பெனையும் தபால் படகில் ஏற்றிக் கடலில் நிறுத்தியிருந்தார்கள். படகோட்டி ரெகின் சுக்கானைப் பிடித்திருந்தான். வெயில் மேகத்தை விட்டு வெளியே வந்ததும் தோர்பென் வெள்ளைக் கொடி காட்டுவார், அதற்குப் பிறகு ஹைனி அலை பார்ப்பான், இதுதான் ஏற்பாடு. தொடங்குவதற்கு முன் அவர் ஒலிபெருக்கியில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "யாரும் சத்தம் போடாதீங்க. யாராவது கத்தினா காட்சி போச்சு. கத்தினவங்க படத்தில இருக்கமாட்டாங்க."

பாறையை ஒட்டினோம். திட்டு தலைக்கு மேலே மறைந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்துக் காத்திருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"நூ!"

நாடகக் குரல். அது என் தம்பியின் குரல் இல்லை என்று தெரிந்தபோது நான் காற்றில் இருந்தேன். படகு உச்சிக்கு வரவேயில்லை, சரிந்துகொண்டிருந்தது. கை படியைத் தொட்டது, கால் தொடவில்லை. பின்னால் வந்தது அந்தக் கோடையின் மிகப் பெரிய அலை என்று பிறகு ரெகின் சொன்னான். அவன் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறான், எஞ்சின் சத்தத்தில் போயிருக்கிறது. படகு என் இடது தொடையைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. ஆந்த்ரியாஸ் என் முடியைப் பிடித்துத்தான் வெளியே எடுத்தார்.

ஐந்து மாதம் தலைநகர் தோர்ஸ்ஹவ்னில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தொடையில் ஆணி, அந்த முட்டி மடங்காது. இனி மலை ஏறமுடியாது என்று டாக்டர் சொன்னார். மலை ஏறாமல் எங்கள் தீவில் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஜன்னலைப் பார்க்கலாம். ஹைனி ருபார்ப் ஜாம் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

"கடைசி நிமிஷத்துல டைரக்டர் என்னைத் திருப்பி நிக்கச் சொல்லிட்டாருக்கா. மலையைப் பாத்து நிக்கணும்னாரு. கடல் எனக்கு முதுகுப் பக்கம். அலையை நான் பாக்கவே இல்ல. நான் வெரலைத் தூக்கல, அந்தத் தாடிக்கழுதை கொடியைப் பாத்துட்டு தானா கத்திட்டான்."

முட்டாளே என்று திட்டினேன். முட்டாள் என்றுதான் நினைத்தேன். முட்டாளைத் திட்டலாம், அடிக்கலாம், கூட வைத்துக்கொண்டு சோறும் போடலாம். ஊரும் அப்படித்தான் நினைத்தது. எல்லோரும் சேர்ந்து அந்த நடிகனைத்தான் சபித்தோம். அவன் பாவம், கொடியைப் பார் என்றார்கள், பார்த்தான்.

நவம்பரில் ஊர் திரும்பினேன். ரெகினின் படகு பாறையை ஒட்டியது. மேலேயிருந்து ஹைனியின் சொந்தக் குரல் 'நூ' என்றது. ஒற்றைக் காலில் தாவினேன். நல்ல அலை, படியில் பூப்போல இறக்கியது. மேலே ஏறி அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மார்ச் மாதம் படம் வெளிவந்தது. ஹைனியைக் கோப்பன்ஹேகனுக்கு முதல் காட்சிக்கு அழைத்தார்கள். புதுக் கோட்டோடு திரும்பிவந்தான். ஒரு வாரம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து இதே பேச்சு. எங்கள் வீட்டுக்கும் வந்தான். சுனுவாவும் ஆந்த்ரியாஸும் இருந்தார்கள்.

"எல்லாரும் போய்ப் பாக்கணும். ஏப்ரல்ல தோர்ஸ்ஹவ்ன்ல போடறாங்க. அக்கா, நீ தாவறது அப்படியே இருக்கு, வெட்டவேயில்ல. டைரக்டர் சொன்னாரு, படத்துக்கே உயிர் அதுதானாம்."

"என் கால் போனது உயிரா?" என்றேன்.

"சினிமாவா பாக்கணும்க்கா. அப்புறம், அந்தக் காட்சியில எல்லாரும் நடிகரையே பாக்காதீங்க. இடது ஓரம் பாருங்க. நான் நிக்கறேன். முகம் முழுசா விழுந்திருக்கு, முடி பறக்கறதுகூடத் தெரியுது!"

சுனுவா காப்பி ஊற்றினாள். பேச்சு வேறெங்கோ போயிற்று. எனக்கு மட்டும் தொடையில் ஆணி இருக்கும் இடத்தில் என்னவோ குத்தியது. கேமரா கடலில் அல்லவா இருந்தது?

யாரிடமும் சொல்லவில்லை. நானே தப்பாக நினைக்கிறேனோ என்று ஒரு மாதம் மனதிலேயே வைத்திருந்தேன்.

பன்னிரண்டு பேர் போனோம். ஹைனி வரவில்லை, யாராவது திட்டில் இருக்க வேண்டுமே. திரையரங்கில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் எங்கள் தீவு என்று எதையோ காட்டினார்கள். மழை, பாறை, முறைத்துப் பார்க்கும் முகங்கள். படத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆந்த்ரியாஸ், சோறு போடாத மாமியார் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். முன்வரிசையில் ஒரு டென்மார்க்கு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு படகு வந்தது. பச்சைப் பாவாடை. நாங்கள் பன்னிரண்டு பேரும் ஹைனி சொன்னபடியே இடது ஓரத்தைப் பார்த்தோம்.

நன்றாகத்தான் நின்றான். முகம் முழுசாகக் கடலைப் பார்த்து இருந்தது. முடி பறந்தது. கண் தூரத்தில் எதையோ பிடித்தது, அவன் கண் அலையைப் பிடிக்கும்போது எப்படிச் சுருங்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கை பாதி மேலே போயிற்று. வாய் திறந்தது. அப்புறம் கண் கேமராப் பக்கம் ஒருதரம் போய்வந்தது. தூக்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திக்கொண்டு, நான் தாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாயைப் பொத்தறான்டி," என்றார் ஆந்த்ரியாஸ். இருட்டில் அது எல்லோருக்கும் கேட்டது.

"இன்னொரு தடவை போடச் சொல்லு," என்றாள் சுனுவா.

போடமாட்டார்களாம். மறுநாள் பகல் காட்சிக்கு மறுபடியும் பன்னிரண்டு பேரும் போனோம், அதே வரிசையில் உட்கார்ந்தோம். மறுபடியும் அதே கண், அதே கை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசியில் அவனுடைய பெயரும் வந்தது, தீவு ஆலோசகர் என்று. எங்கள் ஊரை ஊமை ஊர் என்று காட்டிய படத்தில் நிஜமாகவே ஊமையாக நின்றவன் அவன் ஒருவன்தான். அவன் கத்தியிருந்தால் காட்சி போயிருக்கும். என் கால் இருந்திருக்கும்.

புதன்கிழமை ரெகினின் படகில் திரும்பினோம். வழியில் யாரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. காப்பியும் ரொட்டியும் கைமாறிக்கொண்டிருந்தன. தூரத்திலேயே திட்டில் அவன் தெரிந்தான், புதுக் கோட்டு, கையில் சீப்பு. படம் எப்படி என்று கேட்கத் துடித்துக்கொண்டிருந்திருப்பான். கையை ஆட்டினான். படகு பாறையை ஒட்டியதும் மறைந்துபோனான்.

முதலில் தாவ வேண்டியவள் நான், ஊனக்காலுக்கு அந்த மரியாதை உண்டு. அலை இரண்டு போயிற்று. மூன்றாவது அலை அடியில் புகுந்து படகை நிதானமாகத் தூக்கியது.

"நூ!"

என் நல்ல முட்டி மடங்கப் பார்த்தது. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகு ஏறியது, இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"நூ!"

சுனுவா மடியிலிருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

திட்டின் விளிம்பில் அவன் தலை எட்டிப் பார்த்தது. "அக்கா! தாவுக்கா! நல்ல அலைக்கா இது!"

நல்ல அலைதான். அவன் வாழ்நாளில் அதைவிடச் சரியாகக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். ரெகின் என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, படகைத் திருப்பினான். ரொம்ப தூரம் வரைக்கும் பின்னால் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

தீவின் கிழக்குப் பக்கம் ஒரு பிளவு உண்டு. ஆடுகளை ஏற்றி இறக்குகிற இடம், மனிதர்கள் போகிற வழியில்லை. கடல் அடங்கும்வரை பக்கத்துத் தீவில் இரண்டு நாள் இருந்துவிட்டு அங்கே போய் இறங்கினோம். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். என்னை வலையில் போட்டுக் கம்பளி மூட்டை மாதிரி மேலே இழுத்தார்கள். பாறையில் இடித்து இடித்துப் போனேன், வலித்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

அடுத்த படகுக்கு ஆந்த்ரியாஸ் திட்டில் போய் நின்றுகொண்டார். ஹைனி வந்து பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான், போய்விட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. காப்பி கேட்டால் கொடுத்தோம். படத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் கழித்துப் புதுக் கோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டான்.

இப்போது ஹெலிகாப்டர் வருகிறது. ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டுகிற வேலை ஹைனிக்குக் கிடைத்திருக்கிறது. ஓட்டுகிறவர் அவனைப் பார்க்காமலே இறக்கிவிடுவார், இருந்தாலும் அவன் ஒவ்வொரு தடவையும் தலை வாரிக்கொண்டுதான் போகிறான். அந்தக் காற்றில் என்ன நிற்கும்!

முப்பது வருடம் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் காப்பி குடிக்க வந்தான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு நீங்கள்லாம் திரும்பி வந்தீங்களே, புதன்கெழமை. அது நல்ல அலைதானே?"

"அப்படியா?"

"நல்ல அலைக்கா. மூணு தடவையும் நல்ல அலை. நீ ஏன் தாவலே?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"நான் மலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்டா. அலையைப் பாக்கவே இல்ல."

வாயைத் திறந்தான். பிறகு கை மெதுவாக மேலே போயிற்று. நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.